கடைச் சில்லறைல வந்த 'ஸ்லாவா உக்ரைனி' ரெண்டு யூரோ: முழு கதை

தம்பி கேட்டது இதுதான்: அக்கா ஜெர்மனில இருக்காங்க, சூப்பர்மார்க்கெட்ல குடுத்த மீதி சில்லறைல ஒரு ரெண்டு யூரோ காயின் வித்தியாசமா இருந்துச்சு, ஒரு பொண்ணு, கையில ஒரு குருவி, பக்கத்துல 'ஸ்லாவா உக்ரைனி'னு எழுதிருக்கு. இது நெஜ காசா, ஜெர்மனில எப்படி வந்துச்சு, ஆன்லைன்ல இதையே கலர் போட்டு ஆயிரக்கணக்குல விக்கிறாங்களே வாங்கலாமா, வாங்கினா அந்தக் காசு உக்ரைனுக்குப் போகுமா. நாலு கேள்வி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல, நீங்க சொன்ன அடையாளத்துக்கு அது எஸ்டோனியா காயின். ஜெர்மனி அடிச்சது இல்ல, உக்ரைன் அடிச்சதும் இல்ல. எஸ்டோனியாவோட சென்ட்ரல் பேங்க் ஈஸ்டி பாங்க் 2022 டிசம்பர்ல வெளியிட்டது. நெஜ காசுதான், அக்கா அதையே திருப்பி அதே கடையில குடுத்து பால் பாக்கெட் வாங்கலாம், கடைக்காரர் வாங்கித்தான் ஆகணும். யூரோ காயின்ல நம்பர் இருக்குற பக்கம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான், இன்னொரு பக்கம் மட்டும் அந்தந்த நாட்டோட இஷ்டம், சுத்தி 12 நட்சத்திரம் இருக்கணும், அவ்வளவுதான். எந்த நாடு அடிச்சிருந்தாலும் யூரோ நாடுங்க எல்லாத்துலயும் செல்லும். ஒரே பேமெண்ட்ல 50 காயினுக்கு மேல கொட்டினா மட்டும் கடைக்காரர் முடியாதுன்னு சொல்லலாம், அது ஐரோப்பிய சட்டத்துலயே இருக்கு. நம்ம ஊர்ல 10 ரூபா காயின் செல்லாதுன்னு யாரோ கிளப்பிவிட்டு, பஸ் கண்டக்டர்ல இருந்து பொட்டிக்கடை வரைக்கும் வாங்க மாட்டேன்னு சொல்லி, ரிசர்வ் பேங்க் திரும்பத் திரும்ப செல்லும் செல்லும்னு அறிக்கை விட்ட கதை ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி வதந்தி இந்தக் காயின் மேல ஒண்ணும் இல்ல, தைரியமா இருங்க.

இந்த மாதிரி ஒரு விஷயத்துக்காக ஸ்பெஷலா அடிக்கிற ரெண்டு யூரோ 2004ல கிரீஸ் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்கு அடிச்சதுல ஆரம்பிச்சுது. இப்போ ஒரு நாடு வருஷத்துக்கு ரெண்டு டிசைன் வரைக்கும் விடலாம், அது போக எல்லா நாடும் சேந்து விடுற பொது டிசைன் எப்பயாவது வரும். எத்தனை காயின் அடிக்கலாம்கிறதுக்கும் உச்சவரம்பு உண்டு: யூரோ நாடுகள் எல்லாம் சேந்து புழக்கத்துல விட்ட ரெண்டு யூரோ காயின்கள்ல 0.1 சதவீதம், இல்லன்னா அந்த நாடு தானா விட்டதுல 5 சதவீதம், இந்த ரெண்டுல எது பெருசோ அது வரைக்கும். இதுல சின்ன நாட்டுக்குத்தான் லாபம். எஸ்டோனியா ஜனத்தொகை 13 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, ஆனா இந்த உக்ரைன் காயின் 20 லட்சம் அடிச்சாங்க, அதாவது கைக்குழந்தை உட்பட தலைக்கு ஒண்ணு குடுத்தாலும் மீதி இருக்கும். அந்த மீதியும், டூரிஸ்ட் பாக்கெட்ல ஏறினதும், பக்கத்து நாடான பின்லாந்தோட ஹெல்சிங்கிக்கு கப்பல் ஏறினவங்க கொண்டுபோனதும் எல்லாம்தான் ஊர் ஊரா சுத்துது, அதுல ஒண்ணு உங்க அக்கா கைக்கு வந்திருக்கு. இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, யூரோ காயின் அடிக்கிறதே அப்படி நாடு தாண்டிப் போறதுக்குத்தான்.

அப்போ எந்த நாடு வேணா எதை வேணா அடிச்சு ஜெர்மன்காரன் பாக்கெட்ல போட்டுரலாமான்னு கேப்பீங்க. முடியாது. டிசைனை முன்கூட்டியே ஐரோப்பிய யூனியனோட கவுன்சிலுக்கும் கமிஷனுக்கும் மத்த யூரோ நாடுகளுக்கும் அனுப்பணும். இந்த டிசைன் எங்க ஜனங்ககிட்ட கெட்ட பேரு வாங்கும்னு ஏதாவது ஒரு நாடு நெனச்சா 7 நாளுக்குள்ள காரணம் சொல்லி எதிர்ப்பு எழுதலாம். இது சும்மா காகிதத்துல இருக்குற விதி இல்ல. 2015ல பெல்ஜியம், வாட்டர்லூ போர் 200 வருஷம் ஆச்சுன்னு ஒரு ரெண்டு யூரோ அடிக்கப் போச்சு, நெப்போலியன் தோத்த போர், பிரான்ஸ் சும்மா விடுமா, ஆட்சேபம் பண்ணிருச்சு. பெல்ஜியம் அதுக்குள்ள 1,80,000 காயின் அடிச்சே முடிச்சிருந்தாங்க, அத்தனையும் உருக்க வேண்டியதாப் போச்சு. ஆனா அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பாத்து, வழக்கத்துல இல்லாத மதிப்புல அடிச்சா அது அவங்க நாட்டுக்குள்ள மட்டும் செல்லுற கலெக்டர் காயின், அதுக்கு யாரோட சம்மதமும் வேணாம்னு கண்டுபிடிச்சு, ரெண்டரை யூரோன்னு ஒரு மதிப்புல வாட்டர்லூவ அடிச்சு வித்துட்டாங்க. பிரான்ஸ் பல்லைக் கடிச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

இதை ஏன் சொல்றேன்னா, 200 வருஷம் முந்தின போருக்கே ஒரு காயின் உருகுது. அதே விதி இருக்குற இடத்துல, இன்னைக்கு நடந்துக்கிட்டு இருக்குற போர்ல ஒரு பக்கத்தோட கோஷத்தையே எழுதி ஒரு காயின் வந்து, அது எல்லா நாட்டு கல்லாப்பெட்டிலயும் விழுதுன்னா, அது சாதாரண விஷயம் இல்ல. அறிக்கை விடுறது ஈஸி, பார்லிமென்ட் கட்டடத்துல நீலம் மஞ்சள் லைட் போடுறது அதைவிட ஈஸி, காலைல ஆஃப் பண்ணிரலாம். காயின் அப்படி இல்ல, இருபது முப்பது வருஷம் புழங்கும்.

சரி, எஸ்டோனியாவுக்கு என்ன அவ்ளோ அவசரம்? இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூணும் முதல் உலகப்போர் முடிவுல சுதந்திரம் வாங்கின நாடுங்க, சொந்தமா காசு அடிச்ச நாடுங்க. 1940ல சோவியத் படை உள்ள வந்துச்சு, எஸ்டோனியாவோட க்ரூன் போச்சு, லாட்வியாவோட லாட் போச்சு, ரூபிள் வந்து உக்காந்துச்சு. ஒரு நாட்டை இன்னொரு நாடு விழுங்கும்போது முதல்ல மாறுறதுல ஒண்ணு பாக்கெட்ல இருக்குற காசுதான், பாட்டிங்க வரைக்கும் அது தெரியும்.

லாட்வியாவுல 1929ல இருந்து ஒரு வெள்ளிக்காசு இருந்துச்சு, 5 லாட். பக்கவாட்டுல பாக்குற ஒரு பொண்ணு முகம், நாட்டுப்புற உடை, ஜனங்க அவளுக்கு மில்டான்னு பேரு வச்சு கூப்பிட்டாங்க. வரைஞ்சவர் ரிஹார்ட்ஸ் ஜரின்ஷ், அடிச்சது லண்டன்ல. சோவியத் காலத்துல அந்தக் காசுக்கு கடையில மதிப்பே இல்ல, ஆனா ஜனங்க அதைத் தூக்கிப் போடல, ஒளிச்சு வச்சாங்க, நகையா மாத்தி வச்சுக்கிட்டாங்க, பிள்ளைங்களுக்குக் குடுத்தாங்க. நாடு இருந்துச்சுங்கிறதுக்கு வீட்டுல இருந்த சாட்சி அது ஒண்ணுதான். ஐம்பது வருஷம் கழிச்சு 1991ல சுதந்திரம் திரும்ப வந்துச்சு, 2014ல லாட்வியா யூரோவுக்கு மாறினப்போ ஒரு யூரோ, ரெண்டு யூரோ காயின்ல யாரைப் போட்டாங்கன்னு நெனக்கிறீங்க, அதே மில்டாவைத்தான். எஸ்டோனியாவும் 1992 ஜூன்லயே ரூபிளைத் தூக்கிக் கடாசிட்டு க்ரூனைத் திரும்பக் கொண்டுவந்துச்சு, பழைய சோவியத் நாடுகள்ல ரூபிளை விட்டு முதல்ல வெளிய வந்தது அவங்கதான், 2011ல யூரோ. இப்படி ஒரு வரலாறு இருக்குறவங்க பக்கத்து வீட்டுல அதே கதை திரும்ப நடக்குறதைப் பாத்தா காயின் அடிக்காம என்ன பண்ணுவாங்க.

எதிர்ப்பக்கமும் இதே பாஷைலதான் பேசுச்சு. 2014ல உக்ரைனோட கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கிட்டதும் ரஷ்ய சென்ட்ரல் பேங்க் அந்த வருஷமே கிரிமியா, செவஸ்தோபோல் பேருல 10 ரூபிள் காயின் விட்டுச்சு, அடுத்த வருஷம் 100 ரூபிள் நோட்டும் விட்டுச்சு. காசுல போட்டா அது நம்மளுதுங்கிற கணக்கு.

இப்போ காயினைப் பாப்போம். அக்காகிட்ட நல்ல வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு பாக்கச் சொல்லுங்க. ஒரு கையால குருவியை மெதுவா பாதுகாக்குறா அந்தப் பொண்ணு, இன்னொரு கையில ஒரு கோதுமைக் கதிர். இதை வரைஞ்சவங்க டாரியா டிடோவா, போருனால உக்ரைன்ல இருந்து தப்பி வந்து எஸ்டோனியா கலைக் கல்லூரில படிச்சுக்கிட்டு இருந்தவங்க. எழுத்தை அமைச்சவர் விளாடிமிர் தைகர்னு ஒரு எஸ்டோனிய டிசைனர். வலது பக்கம் அரைவட்டமா கோஷம், கீழ ஈஸ்டின்னு நாட்டுப் பேரு, 2022. துப்பாக்கி இல்ல, டாங்க் இல்ல, கொடி கூட இல்ல. போர்க்கால காயின் அப்படின்னதும் வாள், கழுகு, சிங்கம்னு எதிர்பார்த்தா ஏமாந்துருவீங்க.

முதல் பார்வைக்கு ரொம்ப சாதுவா, ஏதோ குழந்தைங்க கதைப் புத்தகப் படம் மாதிரி இருக்கும், சிலர் அப்படித்தான் குறையும் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல, காரணம் அந்தக் கதிர். உக்ரைன் கோதுமைக்குப் பேர்போன மண்ணுங்கிறது எல்லாருக்கும் தெரியும், 2022ல கருங்கடல் துறைமுகம் அடைபட்டதும் எகிப்துல ரொட்டி வரைக்கும் அடிபட்டுச்சு. ஆனா உக்ரைன்காரங்க ஒரு சின்னப்பொண்ணு கையில கதிரைப் பாத்தா ஞாபகம் வேற இடத்துக்குப் போகும். 1932 ஆகஸ்ட் 7ல ஸ்டாலின் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, கூட்டுப்பண்ணை சொத்தைத் திருடினா மரண தண்டனை, சலுகை காட்டினா 10 வருஷம் சிறை. அறுவடை முடிஞ்ச வயல்ல சிந்திக் கிடக்குற கதிரைப் பொறுக்கினாலும் திருட்டுதான். ஜனங்க அதுக்கு வச்ச பேரே அஞ்சு கதிர் சட்டம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வந்த பஞ்சத்துலதான், ஹொலொடோமோர்னு சொல்றது, பல பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதுவும் தானியம் விளையுற நாட்டுல. இப்போ கீவ் நகரத்துல அந்தப் பஞ்சத்துக்கு இருக்குற நினைவிடத்துக்குப் போனா ஒரு சிலை நிக்கும்: எலும்பும் தோலுமா ஒரு சின்னப்பொண்ணு, நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்குறது அஞ்சு கதிர். டாரியா அந்தச் சிலையை மனசுல வச்சுத்தான் வரைஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த நாட்டுல வளந்த ஒருத்தர் கண்ணுக்கு கையில கதிர் வச்சிருக்குற பொண்ணு வெறும் அலங்காரமா தெரியாது, அவ்வளவுதான் சொல்றேன்.

அடுத்து கோஷம். 'உக்ரைனுக்கு மகிமை'ன்னு அர்த்தம், நம்ம ஊர் வாழ்க கோஷம் மாதிரிதான், 2013-14ல கீவ்ல அரசாங்கத்தை எதிர்த்து நடந்த மைதான் போராட்டத்துல நாடு முழுக்கப் பரவி, 2018ல உக்ரைன் ராணுவத்தோட அதிகாரப்பூர்வ வணக்கமாவே ஆயிருச்சு. ஆனா இதுக்கும் ஒரு பழைய சுமை உண்டு, 1930, 40கள்ல தீவிர தேசியவாத இயக்கம் பயன்படுத்தின கோஷமும் இதுதான், அதனால ரஷ்யா எப்பவும் அதைக் காட்டியே பேசும். 2021 யூரோ கால்பந்துல உக்ரைன் ஜெர்சில இந்த வரியும் இதுக்கு பதில் வரியான 'வீரர்களுக்கு மகிமை'யும் இருந்துச்சு, ரஷ்யா புகார் குடுத்துச்சு, ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ முதல் வரி இருக்கலாம், ரெண்டாவதை எடுங்கன்னு சொல்லிச்சு. அடுத்த வருஷமே அந்த முதல் வரி யூரோ காயின்ல ஏறிருச்சு, ஒரு வருஷத்துல எவ்ளோ தூரம் மாறிப் போச்சு பாருங்க.

இன்னொரு விஷயம், இதைப் பத்தி யாரும் அதிகம் பேச மாட்டாங்க. எஸ்டோனியாவுலயே கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு ஜனங்க ரஷ்ய மொழி பேசுறவங்க. கிழக்கு எல்லைல நார்வான்னு ஒரு ஊர், பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல ரஷ்யன்தான் பேசுவாங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் இவான்கொரோத் கோட்டை, அது ரஷ்யா, இந்தக் கரைல நின்னா அந்தக் கரைல நடக்குற ஆளைப் பாக்கலாம். இந்தக் காயின் அங்கயும்தான் கல்லாவுல விழும். போர் பத்தி வீட்டுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்குற ஒரு பாட்டிகிட்ட காய்கறிக்கடைக்காரர் மீதி சில்லறையா இதை நீட்டுவார், அந்தம்மாவும் வாங்கிப் பர்ஸ்ல போட்டுத்தான் ஆகணும். வெள்ளில அடிச்சு வெல்வெட் டப்பாவுல வச்சு விக்கிற காயின் ஏற்கனவே ஒத்துக்கிட்டவங்ககிட்ட மட்டும்தான் போகும். இது ஒத்துக்காதவங்ககிட்டயும் போகுது. அது சரியா தப்பான்னு எஸ்டோனியாக்காரங்களே சண்டை போட்டுக்கட்டும், ஆனா புழக்கத்துக்கு விடுற காயினோட பலம் அதுல இருக்கு, அதனாலதான் இந்த விஷயத்துல வெள்ளிக்காசை விட ரெண்டு யூரோ பெருசுன்னு நான் நெனக்கிறேன்.

எஸ்டோனியா மட்டும் இல்ல. 2023ல லாட்வியா சூரியகாந்தியை வச்சு ஒரு ரெண்டு யூரோ விட்டுச்சு, லிதுவேனியா 'உக்ரைனோட சேர்ந்து'ங்கிற பேருல ஒண்ணு விட்டுச்சு, ஆக மூணு பால்டிக் நாடும் கணக்கை முடிச்சாங்க. சூரியகாந்தி ஏன்னு தெரியாதவங்களுக்கு: போர் ஆரம்பிச்ச அன்னைக்கே, 2022 பிப்ரவரி 24, ஹெனிசெஸ்க்குங்கிற ஊர்ல ஒரு அம்மா ஆயுதத்தோட நின்ன ரஷ்யப் படைவீரன்கிட்ட போய், பாக்கெட்ல சூரியகாந்தி விதையைப் போட்டுக்கோ, நீ இங்க செத்து விழுந்தா பூவாவது முளைக்கும்னு சொன்ன வீடியோ உலகம் முழுக்கப் போச்சு, அதுல இருந்து அந்தப் பூ ஆதரவுச் சின்னமா ஆயிருச்சு. கனடாவோட ராயல் கனேடியன் மின்ட் உக்ரைன் ஈஸ்டர் முட்டை ஓவியம் போட்ட வெள்ளிக்காசை ஏற்கனவே வருஷா வருஷம் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, அங்க உக்ரைன் வம்சாவளி ஜனங்க ரொம்ப அதிகம், 2022ல உக்ரைனுக்காகவே ஒண்ணு அடிச்சு அதோட நிகர லாபத்தைக் கனடா-உக்ரைன் அறக்கட்டளைக்குக் குடுத்தாங்க. கனடாவுக்கும் உக்ரைன் காசுக்கும் பழைய உறவும் உண்டு, சுதந்திரம் வாங்கின புதுசுல உக்ரைன்கிட்ட நோட்டு அடிக்க பிரஸ் கிடையாது, உக்ரைன் காசான ஹ்ரிவ்னியாவோட முதல் நோட்டுகளை அச்சடிச்சது ஒரு கனடா கம்பெனி. காயின் 1992ல ஒரு பகுதி இத்தாலில அடிச்சாங்க, இன்னொரு பகுதி லுஹான்ஸ்க் ஊர்ல துப்பாக்கித் தோட்டா செய்யுற ஃபேக்டரில. அந்த லுஹான்ஸ்க் 2014ல இருந்து உக்ரைன் கையில இல்ல. உக்ரைனோட பழைய கோபெக் சில்லறை சேக்குறவங்க இதை நெனச்சுப் பாத்தா கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.

போர்ல இருக்குற நாட்டுக்கு இன்னொரு நாட்டு மின்ட் கை குடுக்குறதும் புதுசு இல்ல. 1944ல பெல்ஜியம் ஜெர்மன்காரங்க பிடில இருந்து வெளிய வந்தப்போ சில்லறைக்கு வழி இல்ல, அமெரிக்கா ஃபிலடெல்ஃபியா மின்ட்ல 2 ஃபிராங்க் காயின் 2.5 கோடி அடிச்சுக் குடுத்தாங்க. எதுல அடிச்சாங்கன்னா, முந்தின வருஷம் செம்பு தட்டுப்பாட்டுனால அமெரிக்க ஒரு சென்ட் காசை துத்தநாகம் பூசின ஸ்டீல்ல அடிச்சாங்க இல்லையா, அதுல மிஞ்சின வில்லைகள்ல. கோஷம் இல்ல, பூ இல்ல, ஆனா கடைக்குப் போனா மீதி குடுக்க காசு இருந்துச்சு.

உக்ரைனும் சும்மா இல்ல. 2022 ஏப்ரல்ல 'ரஷ்யப் போர்க்கப்பலே போ'ன்னு திட்டி ஒரு தபால்தலை விட்டாங்க, விட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல அந்தத் திட்டு வாங்கின ரஷ்யக் கப்பல் மாஸ்க்வா நெஜமாவே மூழ்கிருச்சு, தபால் ஆபீஸ்ல கியூ தெருவைத் தாண்டிப் போச்சு. 2023 பிப்ரவரில போர் ஒரு வருஷம் ஆனதுக்கு 20 ஹ்ரிவ்னியா நினைவு நோட்டு 3 லட்சம் அடிச்சாங்க, ஒரு பக்கம் மூணு வீரர்கள் கொடி ஏத்துறாங்க, மறுபக்கம் பின்னால கட்டின ரெண்டு கை. எஸ்டோனியா காயின்ல இருக்குற மென்மை இதுல ஒரு துளி கூட கிடையாது. வெளிய இருந்து ஆதரவு சொல்றவங்க தொனி ஒண்ணு, அடி வாங்குறவங்க தொனி வேற, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தெரியும்.

சரி, காசு விஷயத்துக்கு வரேன், உங்க முக்கியமான கேள்வியே அதானே. அக்கா கையில இருக்குற காயினால உக்ரைனுக்கு ஒரு பைசா போகல. புழக்கத்துக்கு வந்த காயின் முக மதிப்புக்கே வெளிய வரும், ரெண்டு யூரோ குடுத்து ரெண்டு யூரோ காயின் வாங்குறீங்க, அடிக்கிற செலவு போக மிச்சம் அந்த நாட்டு கணக்குல விழும், அது எந்தக் காயினுக்கும் பொதுவான கதை. நன்கொடைங்கிறது இருந்தா அது அட்டைல போட்டு, டப்பாவுல போட்டு, முக மதிப்புக்கு மேல விலை வச்சு விக்கிற பேக்லதான் இருக்கும், அதுவும் வெளியிட்டவங்க வெளிப்படையா இவ்ளோ இந்தக் கணக்குக்குப் போகும்னு சொல்லிருந்தா, அதுவும் அவங்ககிட்ட இருந்து முதல் தடவை வாங்குறப்போ மட்டும். கனடா காயின் அந்த வகை. அதுக்கப்புறம் அந்தப் பேக்கை ஒருத்தர் இன்னொருத்தருக்கு மூணு மடங்கு விலைக்கு வித்தா அந்த மூணு மடங்கும் வித்தவர் பாக்கெட்டுக்குத்தான். உக்ரைனுக்குக் குடுக்கணும்னு மனசு இருந்தா அதுக்கு நேரடி வழிங்க இருக்கு, போர் ஆரம்பிச்ச அன்னைக்கே உக்ரைன் நேஷனல் பேங்க் கணக்கு திறந்துருச்சு, காயின் வழியா சுத்தி வளைச்சுப் போக வேண்டிய அவசியமே இல்ல. இந்தியால இருந்து அனுப்புறதுக்குன்னு தனி விதிமுறை இருக்கு, பேங்க்ல கேட்டுட்டு செய்யுங்க.

கலர் போட்டது வேண்டவே வேண்டாம். ஒண்ணு ரெண்டு நாடு அதிகாரப்பூர்வமாவே கலர் காயின் விடும், ஆனா எஸ்டோனியா காயின் மேல நீலம் மஞ்சள் பெயிண்ட் அடிச்சு விக்கிறது தனியார் வேலை. நல்ல காயினை வாங்கி மேல ஸ்டிக்கரோ பெயிண்டோ அடிச்சா அது கெட்டுப்போன காயின், சேகரிக்கிறவங்க யாரும் திரும்ப வாங்க மாட்டாங்க. அதை விட மோசம், ஜெலென்ஸ்கி முகம் போட்டு, 'லிமிடெட் எடிஷன்'னு எழுதி, வெள்ளி மாதிரி மினுக்குற வில்லைங்க. எந்த நாட்டுப் பேரும் இருக்காது, மதிப்பும் இருக்காது. அதுக்குப் பேரு காயின் இல்ல, டோக்கன், பத்து ரூபாய்க்குக் கூட செல்லாது. ஒரு காயின்ல முதல்ல தேட வேண்டியது மூணே மூணு: எந்த நாடு, என்ன மதிப்பு, எந்த வருஷம். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கையை எடுத்துருங்க. நியுவே, குக் தீவு மாதிரி குட்டி நாடுகள் பேரை வாடகைக்கு வாங்கி அடிக்கிற காயின்ல மூணும் இருக்கும், சட்டப்படி சரிதான், ஆனா அந்தத் தீவுல ஒரு கடையில கூட அதைப் பாக்க முடியாது, அது வேற வியாபாரம். நம்ம 2023 புது பார்லிமென்ட் 75 ரூபா காயினும் சேகரிக்கிறவங்களுக்குன்னு அடிச்சதுதான், 35 கிராம், பாதி வெள்ளி, அதைக் கொண்டுபோய் யாரும் இட்லி சாப்பிட மாட்டாங்க.

டூப்ளிகேட் பயம் இருந்தா ரெண்டு யூரோவை வீட்டுலயே பாக்கலாம். யூரோ காயின்ல கள்ளக்காசு அதிகம் வர்றதே ரெண்டு யூரோவுலதான். எடை 8.5 கிராம், குறுக்களவு 25.75 மில்லிமீட்டர், நகைக்கடைத் தராசு இருந்தா போதும். வெளி வளையம் வெள்ளை, நடு மஞ்சள், நம்ம 10 ரூபா காயினுக்கு நேர் எதிர். காந்தம் வச்சா நடுப்பகுதி மட்டும் லேசா ஒட்டும், நடுவுல நிக்கல் அடுக்கு இருக்குறதால, வளையம் ஒட்டாது. மொத்தமா டப்புனு ஒட்டினாலும் டூப்ளிகேட், ஒட்டவே இல்லன்னாலும் டூப்ளிகேட். விளிம்புல எஸ்டோனியா காயினுக்கு ஈஸ்டின்னு நேராவும் தலைகீழாவும் மாறி மாறி எழுதிருக்கும், கள்ளக்காசு அடிக்கிறவன் பெரும்பாலும் இந்த விளிம்புலதான் சொதப்புவான், எழுத்து மேலோட்டமா கீறின மாதிரி இருக்கும்.

விலை கேட்டீங்க. 20 லட்சம் அடிச்ச காயின், கடைல புழங்கி வந்தது, அபூர்வம் இல்ல. கீறல் இல்லாம ரோல்ல இருந்து எடுத்ததுன்னா சேகரிக்கிறவங்க கொஞ்சம் கூட குடுப்பாங்க, அவ்வளவுதான். மொனாக்கோ 2007ல கிரேஸ் கெல்லிக்கு அடிச்ச ரெண்டு யூரோ மாதிரி ஆயிரம் யூரோவுக்கு மேல போற காயின் இருக்கு, அது 20 ஆயிரம் மட்டும் அடிச்சது, அதை மனசுல வச்சுக்கிட்டு இதையும் அப்படி விக்கலாம்னு ஆன்லைன்ல ஆள் பிடிக்கிறாங்க. ஆயிரக்கணக்குல ரூபா குடுத்து இதை வாங்காதீங்க, ஐரோப்பால யாராவது இருந்தா ரெண்டு யூரோ அனுப்பிட்டு சில்லறைல தேடிப் பாக்கச் சொல்லுங்க, கிடைக்கலைன்னா, கையில லாட்வியாவோட சூரியகாந்தி காயின் இருந்தா அதைக் குடுத்து சேகரிக்கிறவங்ககிட்ட இதை மாத்திக்கலாம்.

அக்காகிட்ட சொல்லுங்க, துடைக்க வேண்டாம், பல்பொடி, புளி, விபூதி, கோல்கேட் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம், பளபளன்னு ஆனா மதிப்பு போயிரும். ஒரு சின்ன பேப்பர் ஹோல்டர், இல்ல பிவிசி இல்லாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சா போதும், பிவிசி கவர் வருஷம் போகப் போக பச்சையா பிசுபிசுன்னு காயின் மேல ஒட்டும். விளிம்பு தெரியுற மாதிரி ஒரு போட்டோவும், ரெண்டு பக்கமும் நேர் வெளிச்சத்துல ஒண்ணொண்ணும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பாத்துட்டு புழக்கத்துல எவ்ளோ அடிபட்டிருக்குன்னு சொல்றேன்.